முதல் சுழியத்தை யார் தொலைத்தது?

2025-ஆம் ஆண்டில், ஜொகூர் பாருவில் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்காக நடந்த ஓர் அறிவியல் புதிர்ப்போட்டிக்குப் பெயர்ப் பதிவு செய்யும் வேலை என்னிடம் வந்தது. வேலை சிறியதுதான். மாணவர்கள் இணையப் படிவத்தில் பெயர், பள்ளி, அடையாள அட்டை எண் ஆகிய மூன்றையும் நிரப்புவார்கள். நான் அமைத்த தரவுத்தளம் அவற்றைச் சேமிக்கும். அடையாள அட்டை எண்ணின் முதல் இரண்டு இலக்கங்களைப் பார்த்துப் பிறந்த ஆண்டைக் கண்டுபிடித்து, 17 வயதுக்கு மேற்பட்டவர்களைப் பட்டியலிலிருந்து நீக்கும். ஒரு மாலையில் முடித்துவிட்டேன். ஓரிரு எண்களைக் கொடுத்துச் சோதித்தும் பார்த்தேன். சரியாகவே ஓடியது.

பதிவு தொடங்கிய மறுநாள் காலை ஒரு மாணவன் தொலைபேசியில் அழைத்தான். "ஐயா, எனக்கு வயது கூடிவிட்டதாம். கலந்துகொள்ள முடியாது என்று மின்னஞ்சல் வந்திருக்கிறது. நான் படிவம் 4 தானே படிக்கிறேன்?" என்றான். குரலில் கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது. பட்டியலைத் திறந்து பார்த்தேன். என் நிரல் அவனுக்கு 35 வயது என்று கணக்கிட்டிருந்தது.

அவன் மட்டும் அல்ல. படிவம் 4, படிவம் 5 மாணவர்கள் ஒருவர் விடாமல் நீக்கப்பட்டிருந்தார்கள். படிவம் 1 முதல் 3 வரை படிப்பவர்கள் எல்லோரும் பத்திரமாக இருந்தார்கள். மூத்தவர்கள் மேல் மட்டும் கணினிக்கு அப்படி என்ன கோபம்?

உங்களில் 2009-ஆம் ஆண்டில் பிறந்தவர்கள் உங்கள் அடையாள அட்டையை எடுத்துப் பாருங்கள். எண் 09 என்று தொடங்கும். முதல் இலக்கம் சுழியம். நானோ, 'அடையாள அட்டை எண்தானே' என்று, தரவுத்தளத்தில் அந்த நெடுவரிசையின் வகையை 'முழு எண்' என்று அறிவித்திருந்தேன். எண்ணுக்கு முன்னால் நிற்கும் சுழியத்துக்கு மதிப்பு இல்லை என்று முதலாம் ஆண்டிலேயே படித்திருக்கிறோம். கணினியும் அதையே செய்தது. 090315-01-0000 என்று ஒரு மாணவனின் எண் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது உள்ளே போனதும் 90315010000 ஆகிவிட்டது. முதல் இரண்டு இலக்கங்கள் 90. ஆகவே பிறந்த ஆண்டு 1990, வயது 35. 2008-இல் பிறந்தவர்களுக்கு 80 அல்லது 81 வந்தது. 2010-க்குப் பிறகு பிறந்தவர்களின் எண் 1 என்று தொடங்குவதால் அவர்கள் தப்பித்தார்கள். நான் சோதித்துப் பார்த்த எண்களும் அப்படிப்பட்டவையே.

தவறு என்னுடையது. அதை அன்றே திருத்தி, எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் ஒரு கேள்வி மட்டும் மனத்தை விட்டுப் போகவில்லை. சுழியத்தைத் தூக்கி எறிந்தபோது, "எறியலாமா?" என்று கணினி ஏன் என்னிடம் கேட்கவில்லை? அந்தக் கேள்வியிலிருந்து பிறந்த கருத்தைத்தான் இந்த வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்: நமக்காகத் தானே ஊகித்துக்கொள்ளும் கணினியைவிட, 'எனக்குப் புரியவில்லை, தெளிவாகச் சொல்' என்று மறுக்கும் கணினியே நல்ல கணினி.

ஆறு என்றால் என்ன?

கணினி அறிவியல் பாடத்தை எடுத்திருப்பவர்களுக்கு எஸ்கியூஎல் என்ற பெயர் புதிதல்ல. தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழி அது. ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய டொனால்டு சேம்பர்லின், ரேமண்டு பாய்ஸ் என்ற இருவர் 1974-இல் இதன் முதல் வடிவத்தை வெளியிட்டார்கள். அரை நூற்றாண்டு கடந்தும் வங்கி, மருத்துவமனை, விமான நிறுவனம் என்று எங்கும் இதே மொழிதான் புழங்குகிறது.

நாம் எழுதும் கேள்வியைத் தரவுத்தளம் எப்படிப் புரிந்துகொள்கிறது? தமிழ் இலக்கணத்தில் பகுபத உறுப்பிலக்கணம் படித்திருப்பீர்கள். 'படித்தான்' என்ற சொல்லை படி, த், த், ஆன் என்று பிரித்து, ஒவ்வோர் உறுப்புக்கும் பகுதி, சந்தி, இடைநிலை, விகுதி என்று பெயர் சொல்கிறோம் அல்லவா? அதே வேலையைச் செய்யும் ஒரு பகுதி தரவுத்தளத்துக்குள்ளும் இருக்கிறது. அதைப் பார்சர் என்பார்கள். நாம் பகுப்பான் என்று அழைப்போம். முதலில் அது வரியைச் சொற்களாகப் பிரிக்கும். பிறகு இலக்கண விதிப்படி அவற்றை ஒரு மரம்போல அடுக்கும். அடுத்த கட்டத்தில், அந்த மரத்தில் உள்ள ஒவ்வோர் உறுப்பும் என்ன வகை என்று முடிவு செய்யப்படும். இது எண்ணா, எழுத்தா, தேதியா? சிக்கல் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் வருகிறது.

'ஆறு' என்று மட்டும் எழுதிக் காட்டினால் உங்களுக்கு என்ன தோன்றும்? 6 என்ற எண்ணா, ஓடும் நதியா? 'ஆறு மாம்பழம்' என்றால் எண். 'மூவார் ஆறு' என்றால் நதி. பக்கத்தில் நிற்கும் சொல்லைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறோம். போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற புகழ்பெற்ற தரவுத்தளமும் இப்படித்தான் நடந்துகொள்கிறது. மேற்கோள் குறிக்குள் '042' என்று எழுதினால், அது எழுத்துத்தொடர் என்று உடனே முடிவு கட்டுவதில்லை. 'வகை தெரியாதது' என்று குறித்து வைத்துவிட்டு, அக்கம்பக்கத்தைப் பார்க்கிறது.

'042' என்பதும் 42 என்பதும் சமமா என்று கேட்டுப் பாருங்கள். பக்கத்தில் இருப்பது எண். ஆகவே '042' என்பதையும் எண்ணாகக் கொண்டு, 'ஆம், சமம்' என்கிறது. '042' என்பதும் '42' என்பதும் சமமா என்று கேளுங்கள். இப்போது இரண்டும் மேற்கோளுக்குள் இருக்கின்றன. இரண்டையும் எழுத்துத்தொடராகக் கொண்டு, 'இல்லை' என்கிறது. மேற்கோள் குறி ஒன்றில்தான் வேறுபாடு, விடையோ தலைகீழ். எஸ்கியூலைட் என்ற இன்னொரு தரவுத்தளத்திடம் கேட்டால், இரண்டு கேள்விகளுக்குமே 'இல்லை' என்கிறது. மொழி ஒன்று, கேள்வி ஒன்று, விடை வேறு.

சொல்லி மாற்றுவது, சொல்லாமல் மாறுவது

ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு மதிப்பை மாற்றுவதை வகைமாற்றம் என்கிறோம். நாமே எழுதிக் கேட்டு மாற்றலாம். அதற்கு எஸ்கியூஎல் மொழியில் காஸ்ட் என்ற சொல் இருக்கிறது. 1992-ஆம் ஆண்டுத் தரநிலையில் அது இடம்பெற்றது. போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் இதற்கு ஒரு சுருக்கெழுத்தும் உண்டு. மதிப்புக்குப் பின்னால் :: என்று இரண்டு முக்காற்புள்ளிகளை இட்டு, வேண்டிய வகையின் பெயரை எழுதினால் போதும். எப்படி எழுதினாலும், பகுப்பான் கட்டும் மரத்தில் இரண்டும் ஒரே உறுப்பாகத்தான் அமர்கின்றன.

இந்தச் சுருக்கெழுத்தில் ஒரு வேடிக்கை உண்டு. ஸ்மால்இன்ட் என்ற சிறிய முழு எண் வகை -32768 முதல் 32767 வரை ஏற்கும். ஆனால் -32768::ஸ்மால்இன்ட் என்று எழுதினால் 'எல்லை தாண்டிவிட்டது' என்று பிழை வரும். ஏன்? கழித்தல் குறியைவிட :: குறி தன் எண்ணை இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறது. எனவே பகுப்பான் முதலில் 32768 என்ற எண்ணைச் சிறிய வகைக்குள் அடைக்கப் பார்க்கிறது. அது 32767-ஐவிட ஒன்று கூடுதல் என்பதால் அடைக்க முடியவில்லை. கழித்தல் குறிக்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. எண்ணையும் குறியையும் அடைப்புக்குறிக்குள் சேர்த்து எழுதினால் சரியாகிவிடும். கணக்கில் 2 + 3 × 4 எழுதும்போது எதை முதலில் செய்வது என்று விதி இருப்பதுபோல, இங்கும் விதி இருக்கிறது. விதியை மீறினால் பிழை என்று உடனே சொல்கிறது. இது எனக்குப் பிடித்திருக்கிறது.

எனக்குக் கவலை தருவது மற்றொரு வழி. நாம் கேட்காமலே, நமக்குச் சொல்லாமலே நடக்கும் வகைமாற்றம்.

மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தளத்தில் 'பெயர் 0-க்குச் சமமாக உள்ள மாணவர்களைக் காட்டு' என்று கேட்டுப் பாருங்கள். பெயர் எழுத்துத்தொடர், 0 எண். இரண்டையும் ஒப்பிட முடியாது என்று அது மறுத்திருக்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு பெயரையும் எண்ணாக மாற்றப் பார்க்கிறது. 'கவிதா' என்ற பெயரில் எண் எதுவும் இல்லை என்பதால் அதை 0 என்று கொள்கிறது. 'முருகன்' 0, 'ஐஷா' 0, 'மெய் லிங்' 0. முடிவு என்ன? பள்ளியில் உள்ள எல்லா மாணவர்களின் பெயர்களும் திரையில் வந்து நிற்கும். ஓர் எச்சரிக்கைக் குறிப்பை ஓரமாக எழுதி வைக்கும். யாரும் கேட்காவிட்டால் அதுவும் கண்ணில் படாது.

போஸ்ட்கிரெஸ்கியூஎல்லும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தது. எண், தேதி எதைக் கொடுத்தாலும், தேவைப்பட்டால் தானாகவே எழுத்துத்தொடராக மாற்றிக்கொள்ளும். ஒருவர், 'இன்றைய தேதி 2008-02-04-க்கு முந்தையதா?' என்று கேட்க நினைத்து, மேற்கோள் குறியை மறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். குறி இல்லாததால் பகுப்பான் அதைக் கழித்தல் கணக்காகப் படிக்கும். 2008-இலிருந்து 2, பிறகு 4, விடை 2002. தேதியையும் 2002 என்ற எண்ணையும் எப்படி ஒப்பிடுவது? இரண்டையும் சத்தமில்லாமல் எழுத்தாக மாற்றி, அகராதியில் சொற்களை ஒப்பிடுவதுபோல ஒப்பிட்டு, ஏதோ ஒரு விடையைத் தரும். விடை வந்துவிட்டதால், கேள்வி தவறு என்று யாருக்கும் தோன்றாது.

2008 பிப்ரவரியில் வெளிவந்த 8.3 பதிப்பில் இந்தத் தானியங்கி மாற்றத்தை எடுத்துவிட்டார்கள். அதுவரை ஓடிக்கொண்டிருந்த பல நிரல்கள் திடீரென்று பிழை காட்டி நின்றன. நிரல் எழுதியவர்கள் முணுமுணுத்தார்கள். ஆனால் நின்ற ஒவ்வோர் இடமும், யாரோ ஒருவர் தெளிவாக எழுதத் தவறிய இடம். பிழை அன்றைக்குப் பிறந்ததல்ல. அன்றைக்குத்தான் வெளிச்சத்துக்கு வந்தது.

இன்று அந்தத் தரவுத்தளம் வகைமாற்றங்களை மூன்று வகையாகப் பிரித்து ஒரு பட்டியலில் வைத்திருக்கிறது. சிறிய முழு எண்ணைப் பெரிய முழு எண்ணாக்குவதில் எதுவும் தொலையாது. அதைக் கேட்காமலே செய்யும். பெரிய எண்ணைச் சிறியதாக்கினால் இடம் போதாமல் போகலாம். ஆகவே நெடுவரிசையில் சேமிக்கும்போது மட்டும் தானாகச் செய்யும், இடம் போதாவிட்டால் பிழை சொல்லும். எண்ணை 'ஆம்/இல்லை' என்று மாற்றுவது போன்றவற்றை, நாம் எழுதிக் கேட்டால் மட்டுமே செய்யும். ஆபத்து எவ்வளவோ அவ்வளவு கண்டிப்பு. இது நியாயமான ஏற்பாடு என்பேன். ஜொகூர் கடற்பாலத்தில் தினமும் எவ்வளவு பேர் சிங்கப்பூருக்குப் போய் வருகிறார்கள்! வரிசை நீளம் என்பதற்காகக் கடப்பிதழைப் பார்க்காமல் ஆளை அனுப்புங்கள் என்று யாராவது கேட்போமா?

எதிர்த்தரப்பும் உண்டு

என் கருத்தை ஏற்காதவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் பொருள் இருக்கிறது. எஸ்கியூலைட்டை உருவாக்கியவர்கள், வகை விஷயத்தில் நெகிழ்வாக இருப்பதைக் குறையாக அல்ல, வசதியாகவே கருதுகிறார்கள். முழு எண் என்று அறிவித்த நெடுவரிசையில் 'வரவில்லை' என்று எழுதினாலும் அது ஏற்றுக்கொள்ளும். நம் கைப்பேசிகளில் எல்லாம் இருக்கும் தரவுத்தளம் அதுதான். உலகில் மிக அதிகமாகப் பயன்படுவதும் அதுவே. எங்கிருந்தோ வரும் ஒழுங்கற்ற தரவை முதலில் உள்ளே வாங்கிவிட்டுப் பிறகு சரிபார்க்க நினைப்பவருக்கு இந்த நெகிழ்ச்சி உதவும். புதிதாகக் கற்பவருக்கும் ஒவ்வோர் அடியிலும் பிழைச் செய்தி வந்தால் அலுப்புத் தட்டும் என்பார்கள்.

அலுப்பு உண்மைதான். ஆனால் இரண்டு செலவுகளையும் எடைபோட்டுப் பாருங்கள். மறுக்கும் கணினியால் வரும் செலவு, எழுதுபவரின் ஐந்து நிமிடம். ஊகிக்கும் கணினியால் வரும் செலவை, நிரலைப் பற்றி எதுவுமே அறியாத வேறு யாரோ கொடுக்கிறார்கள். என் தவறுக்கு விலை கொடுத்தது நானா? காலையில் மின்னஞ்சலைத் திறந்து, தனக்கு வயது கூடிவிட்டதென்று படித்த அந்த மாணவன்தானே!

இதற்கு அறிவியல் உலகிலேயே பெரிய சான்று இருக்கிறது. மனித மரபணுக்களில் சிலவற்றுக்கு செப்ட்1, மார்ச்1 என்பது போன்ற பெயர்கள் இருந்தன. எக்செல் விரிதாளில் அவற்றைத் தட்டினால், செப்டம்பர் 1, மார்ச் 1 என்று தேதிகளாக மாறிவிடும். எக்செல் பட்டியலோடு வெளிவந்த மரபணு ஆய்வுக் கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இத்தகைய பிழை இருப்பதை 2016-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். கடைசியில் என்ன ஆயிற்று தெரியுமா? மரபணுக்களுக்குப் பெயரிடும் குழு 2020-இல் வெளியிட்ட விதிமுறைகளின்படி அந்த மரபணுக்களின் பெயர்கள் மாற்றப்பட்டன. மென்பொருளின் ஊகத்துக்கு மனிதர் தம் சொற்களை மாற்றிக்கொண்டார்கள்!

காலப்போக்கும் கண்டிப்பின் பக்கமே நகர்ந்திருக்கிறது. போஸ்ட்கிரெஸ்கியூஎல் 2008-இல் இறுக்கியது. பொருந்தாத மதிப்பைச் சேமிக்க மறுப்பதை மைஎஸ்கியூஎல் 2015-இல் வந்த 5.7 பதிப்பில் இயல்பான அமைப்பாக்கியது. எஸ்கியூலைட்கூட 2021 நவம்பரில், விரும்புவோருக்குக் கண்டிப்பான அட்டவணை என்ற வசதியைச் சேர்த்தது.

கண்டிப்பு மட்டும் போதுமா?

இங்கே நேர்மையாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். உலகிலேயே கண்டிப்பான தரவுத்தளத்தை வைத்திருந்தாலும், என் சுழியம் தொலைந்துதான் இருக்கும். அந்த நெடுவரிசை முழு எண் என்று நானே கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டேனே! '090315010000' என்பதை முழு எண்ணாக மாற்று என்றால், 90315010000 என்பதுதான் சரியான விடை. அதில் பிழை சொல்ல எதுவும் இல்லை. பின்னர் அதை மீண்டும் எழுத்தாக மாற்றினாலும் சுழியம் திரும்பி வராது. வகைமாற்றம் பல நேரங்களில் ஒருவழிப் பாதை.

கணினிக்கு வடிவம் தெரியும், பொருள் தெரியாது. பொருளைச் சொல்ல வேண்டியவர் நாம். அடையாள அட்டை எண்ணுக்குப் பெயர்தான் எண். உண்மையில் அது மூன்று துண்டுகளை ஒட்டிய எழுத்துத்தொடர்: முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடம், கடைசி நான்கில் இறுதி இலக்கம் ஒற்றை என்றால் ஆண், இரட்டை என்றால் பெண். ஜொகூரில் பிறந்த உங்களில் பலருக்கு இடக் குறியீடு 01. அங்கேயும் ஒரு சுழியம் காத்திருக்கிறது. அந்த இரண்டு இலக்கங்களைத் தனியே பிரித்து முழு எண்ணாக்கினால் அது வெறும் 1.

எது எண், எது எழுத்து என்று முடிவு செய்ய எளிய வழி ஒன்று சொல்கிறேன். 'இவற்றில் இரண்டைக் கூட்டினால் ஏதாவது பொருள் வருமா?' என்று கேளுங்கள். இரண்டு மதிப்பெண்களைக் கூட்டலாம்; ஆகவே எண். இரண்டு பேரின் அடையாள அட்டை எண்களைக் கூட்டினால் என்ன கிடைக்கும்? ஒன்றும் இல்லை, ஆகவே எழுத்து. ஜொகூரின் தொலைபேசிக் குறியீடு 07. பெர்லிஸின் கங்கார் அஞ்சல் குறியீடு 01000. இவற்றையும் யாரும் கூட்டப்போவதில்லை.

எண்தான் என்று உறுதியான பிறகும், எப்படிப்பட்ட எண் என்ற கேள்வி இருக்கிறது. 7-ஐ 2-ஆல் வகுத்தால் மைஎஸ்கியூஎல் 3.5 என்கிறது. போஸ்ட்கிரெஸ்கியூஎல், இரண்டும் முழு எண் என்பதால் விடையும் முழு எண்ணாகவே இருக்கட்டும் என்று 3 என்கிறது. 3.9-ஐ முழு எண்ணாக்கினால் போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் 4, எஸ்கியூலைட்டில் 3. உங்கள் சராசரி மதிப்பெண்ணை எது கணக்கிட்டது என்பதைப் பொறுத்து ஒரு தரநிலையே மாறிப்போகலாம்.

உங்கள் பாட்டியையும் ஒரு முறை நினைத்துப் பாருங்கள். ஏதோ ஒரு தோட்டத்தில் 1952-இல் பிறந்தவர் என்றால் அவர் எண் 52 என்று தொடங்கும். இரண்டு இலக்க ஆண்டை மைஎஸ்கியூஎல்லிடம் தேதியாக மாற்றச் சொன்னால், 70 முதல் 99 வரை 1900-களுக்கும், 00 முதல் 69 வரை 2000-களுக்கும் அனுப்பும். பாட்டி 2052-இல்தான் பிறக்கப்போகிறார்! மூத்த குடிமக்களைப் பட்டியலிடும் நிரலில் அவர் பெயர் வருமா? யாராவது ஒருவர், 'இந்த இரண்டு இலக்கங்களுக்கு எந்த நூற்றாண்டு?' என்று முன்பே யோசித்திருந்தால்தான் வரும்.

இவை பட்டியல் பிழைகளாக மட்டும் முடிவதில்லை. 1996 ஜூன் 4-ஆம் நாள், தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவிலிருந்து ஏரியன் 5 ராக்கெட் முதன்முறையாகப் புறப்பட்டது. ஒரு நிமிடம்கூடப் பறக்கவில்லை, வானில் சிதறியது. காரணம் ஒரு வகைமாற்றம். 64 பிட் தசம எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்ற நிரல் முயன்றது. 16 பிட் வகையின் உச்சம் எவ்வளவு? மேலே நாம் பார்த்த அதே 32767. பழைய ஏரியன் 4 ராக்கெட்டில் அந்த எல்லையைத் தாண்டாத மதிப்பு, வேகம் கூடிய புதிய ராக்கெட்டில் தாண்டிவிட்டது. அப்படி நேர்ந்தால் என்ன செய்வது என்று யாரும் எழுதி வைத்திருக்கவில்லை. நல்லவேளையாக அதில் ஆட்கள் இல்லை. நான்கு அறிவியல் துணைக்கோள்கள் அழிந்தன.

உங்களுக்கு என் வேண்டுகோள்

நம் மாநிலத்தில் இன்று கூலாய், செடேனாக், நூசாஜெயா என்று வரிசையாகத் தரவு மையங்கள் எழுந்துகொண்டிருக்கின்றன. அந்தக் கட்டடங்களைக் கடந்து பள்ளிக்குப் போகிறவர்களும் உங்களில் இருப்பீர்கள். உள்ளே சுழலும் இயந்திரங்களில் இருப்பவை வெறும் இலக்கங்கள் அல்ல. யாரோ ஒருவரின் மருத்துவக் குறிப்பு, யாரோ ஒருவரின் சம்பளம், யாரோ ஒருவரின் தேர்வு முடிவு. உங்களில் சிலர் நாளை அந்த வேலைக்குப் போவீர்கள். அதற்கு முன்பே, பள்ளிக் கழகத்துக்கு ஓர் உறுப்பினர் பட்டியல் தயாரிக்கும் நாள் வரும்.

அன்றைக்கு மூன்றைச் செய்யுங்கள். ஒவ்வொரு நெடுவரிசைக்கும் வகையைத் தேர்ந்தெடுக்கும் முன், அதன் பொருள் என்ன என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். வகையை மாற்ற வேண்டிய இடத்தில், கணினி தானே மாற்றிக்கொள்ளும் என்று விட்டுவிடாமல், நீங்களே வெளிப்படையாக எழுதுங்கள். உங்களுக்குப் பின் அதைப் படிப்பவருக்கும் அது புரியும். சோதிக்கும்போது, எளிதாக ஓடும் மதிப்புகளை மட்டும் கொடுக்காதீர்கள். சுழியத்தில் தொடங்கும் எண்ணையும், உங்கள் பாட்டியின் பிறந்த ஆண்டையும் கொடுத்துப் பாருங்கள்.

சிவப்பு எழுத்தில் பிழைச் செய்தி வரும்போது எரிச்சலாகத்தான் இருக்கும். பிழைச் செய்தி தராமல் தவறான விடையைத் தருவது அதைவிடக் கொடியது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் மாணவரை நல்ல ஆசிரியர் கோபித்துக்கொள்வதில்லை. கணினிக்கும் அந்த மரியாதையைக் கொடுப்போம்.

அந்த மாணவன் போட்டிக்கு வந்தான். பரிசு வாங்கவில்லை. போகும்போது என்னிடம் வந்து, "ஐயா, 35 வயதிலும் இதே போட்டிக்கு வந்துவிடுகிறேன்" என்று சிரித்தான். என் தரவுத்தளத்தில் இப்போது அவன் எண் 0 என்றே தொடங்குகிறது.